சிப்பாயை ஏன் தள்ளினாய் என்று கேளுங்கள்

பேராக் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளில் சதுரங்கம் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளைப் போட்டிகளுக்கு அழைத்துவரும் பெற்றோருக்கும்,



நம்மில் பலருக்குப் பெயர் தெரியாது, முகம் தெரியும். போட்டி மண்டபத்துக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருப்போம். கையில் நாசி லெமாக் பொட்டலமோ, ஆறிப்போன தேநீரோ இருக்கும். கதவு திறக்கும். ஆட்டம் முடித்த பிள்ளை, நகர்வுகளை எழுதிய தாளோடு ஓடிவரும். ஜெயித்ததா தோற்றதா என்று முகமே சொல்லிவிடும். அடுத்த நிமிடம் நாம் கைப்பேசியை எடுத்து நகர்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டுகிறோம். திரையின் ஓரத்தில் வெள்ளைப் பட்டை ஏறி இறங்குகிறது. ஆறாவது நகர்விலோ ஏழாவது நகர்விலோ அது கொஞ்சம் சரிகிறது. "பாத்தியா, இங்கதான் தப்பு பண்ணிட்ட" என்கிறோம்.

அந்தப் பிள்ளை தள்ளியது பெரும்பாலும் ஒரு சிப்பாயாக இருக்கும். ஆட்டத் தொடக்கத்தில் தள்ளிய சிப்பாயை, கைப்பேசியில் ஓடும் சதுரங்க எஞ்சினின் எண்ணை வைத்துச் சரி, தவறு என்று தீர்ப்பு எழுதும் இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

சென்ற மாதம் எங்கள் சனிக்கிழமை வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஈப்போவில், புந்தோங் பக்கம், ஒரு கோயில் மண்டபத்தில் வகுப்பு நடக்கிறது. ஐந்தாம் ஆண்டில் படிக்கும் சிறுமி ஒருத்தி வெள்ளைக் காய்களோடு பிரெஞ்சுத் தற்காப்பை எதிர்த்து ஆடினாள். இ4, இ6. டி4, டி5. இ5, சி5. சி3 தள்ளி நடுவைத் தாங்கினாள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு குதிரை வெளியே வந்தது. கறுப்பு ராணி பி6-க்கு வந்து டி4 சிப்பாயையும் பி2 சிப்பாயையும் ஒரே நேரத்தில் குறிவைத்தது. ஆறாவது நகர்வாக அவள் இடது ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் தள்ளினாள். ஏ3.

ஆட்டத்தை அவள் தோற்றாள். தோற்றதற்குக் காரணம் ஏ3 இல்லை. முப்பது நகர்வுக்குப் பிறகு ஒரு குதிரையைக் காவல் இல்லாமல் விட்டுவிட்டாள். ஆனால் ஆட்டத்தைப் பார்க்க வந்த இளம் பயிற்றுநர் ஒருவர் கைப்பேசியில் ஓட்டிப் பார்த்து, ஆறாவது நகர்வில் எண் 0.3 இறங்குவதைக் காட்டினார். மந்திரியை இ2-க்குக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார். நல்ல மனிதர், உழைப்பவர், நம் பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர். சிறுமி பணிவோடு தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்: "ஏ3 தப்பு."

அவர் போன பிறகு கேட்டேன். "ஏம்மா ஏ3 தள்ளின?"

"பி4 தள்ளலாம்னு சார். அவங்க சி5 சிப்பாய் என்ன செய்யும்னு பாக்கலாம்னு."

பல பத்தாண்டுகளாக வலிய ஆட்டக்காரர்கள் அதே இடத்தில் அதே சிப்பாயை அதே காரணத்துக்காகத்தான் தள்ளிவருகிறார்கள். அதை அவளிடம் சொல்லவில்லை. "பி4 வர்றதுக்கு முன்னாடி அவன் சி4-ன்னு தள்ளிட்டா?" என்றேன். நெடுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப பி3 கட்டம் ஓட்டையாயிடும் சார்," என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, "ஆனா டி4 மேல இருந்த அழுத்தமும் போயிடும்," என்றாள்.

பதினொரு வயதுப் பிள்ளை. ஒரு சிப்பாய் நகர்வால் என்ன வருகிறது, அதற்கு என்ன விலை என்று இரண்டையும் சொல்லிவிட்டாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப கம்ப்யூட்டர் ஏன் சார் தப்புன்னு சொல்லுது?"

அன்று இரவு வீட்டுக் கணினியில் அதே நிலையை வைத்து நீண்ட நேரம் ஓடவிட்டேன். ஏ3-க்கும் மந்திரி இ2-க்கும் இடையிலான வித்தியாசம் சுருங்கிக்கொண்டே வந்தது. நள்ளிரவுக்குள் இரண்டும் இரண்டு முறை இடம் மாறிக்கொண்டன. கைப்பேசியில் அரை நிமிடம் ஓடியதை வைத்து ஒரு பிள்ளையின் நோட்டில் "தப்பு" என்று எழுத வைத்துவிட்டோம்.

அந்த எண் என்ன சொல்கிறது என்பதை நாம் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றே நினைக்கிறேன். +1.00 என்றால் ஒரு சிப்பாய் கூடுதல், 0.3 என்றால் சிப்பாயில் மூன்றில் ஒரு பங்கு என்றுதான் நம்மில் பலர் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. நாம் கைப்பேசியில் ஓட்டும் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினின் 15.1 பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது முதல் அந்த எண்ணுக்குப் பொருள் மாறிவிட்டது. +1.00 என்றால், அதே வலிமையுள்ள எஞ்சின் இரண்டு பக்கமும் ஆடினால் முன்னணியில் உள்ள பக்கம் வெல்ல ஐம்பது விழுக்காடு வாய்ப்பு. இரண்டு எஞ்சின்கள் தமக்குள் ஆடினால் என்ன ஆகும் என்பதற்கான கணிப்பு அது. செம்மோரிலிருந்து வந்த பையனும் பத்து காஜாவிலிருந்து வந்த பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியாது. ஆறாவது நகர்வில் 0.3 இறங்குவது அவர்களுடைய ஆட்டத்தில் ஒன்றுமே இல்லை.

இந்த எண்ணுக்குள் முன்பு காரணங்கள் இருந்தன. 1950-இல் கிளாட் ஷானன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர், கணினிக்குச் சதுரங்கம் ஆடக் கற்றுத்தருவது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார். ராணிக்கு 9, யானைக்கு 5, மந்திரிக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1. நாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போடும் அதே கணக்குதான். அதோடு அவர் இன்னொன்றும் சேர்த்தார். ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரட்டைச் சிப்பாய், பின்தங்கிய சிப்பாய், துணையில்லாமல் தனித்து நிற்கும் சிப்பாய் ஒவ்வொன்றுக்கும் அரைப் புள்ளி கழிவு. சிப்பாயைப் பற்றி மனிதர்கள் நூற்றாண்டுகளாகச் சேர்த்த அறிவு, அந்த அரைப் புள்ளிக்குள் இருந்தது. எண் ஏன் இறங்கியது என்று கேட்டால், "உன் சிப்பாய் தனித்து நிற்கிறது" என்று பதில் சொல்ல முடிந்தது.

அலன் டியூரிங் அதற்கு முன்பே, 1948-இல், டேவிட் சாம்பர்னௌன் என்ற நண்பரோடு சேர்ந்து ஒரு சதுரங்கச் செயல்முறையை எழுதியிருந்தார். அதை ஓட்டக்கூடிய கணினி அப்போது இல்லை. அதனால் 1952-இல் மான்செஸ்டரில், டியூரிங் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து, தானே கணினியாகி, ஒவ்வொரு நகர்வையும் கையால் கணக்கிட்டு, அலிக் கிளென்னி என்ற சக ஊழியரோடு ஆடினார். அந்தச் செயல்முறையில் ஒரு விதி உண்டு: சிப்பாய் ஒரு வரிசை முன்னேறினால் 0.2 புள்ளி. விளைவைப் பாருங்கள். ஏழாவது நகர்வில் தாள் கணினி வலது ஓரச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியது, எச்4. எட்டாவது நகர்வில் இடது ஓரச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியது, ஏ4. ராஜா இன்னும் நடுவிலேயே நிற்கிறது. இருபத்தொன்பதாவது நகர்வில் ஆட்டம் தோல்வியில் முடிந்தது. வகுப்பில் இந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். "சார், நீங்க முதல் நாளே சொன்னீங்களே, ஓரச் சிப்பாயைத் தொடாதேன்னு!"

அறுபத்தைந்து ஆண்டுகள் தாண்டி வாருங்கள். 2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனம் ஆல்ஃபாஸீரோ என்ற எஞ்சினை வெளியுலகுக்குக் காட்டியது. அதற்கு ஆட்ட விதிகளை மட்டும் கொடுத்தார்கள். இரட்டைச் சிப்பாய் கெட்டது என்றோ, ஓரச் சிப்பாயைத் தொடாதே என்றோ யாரும் சொல்லித்தரவில்லை. தன்னோடு தானே ஆடிக் கற்றுக்கொண்டு, நான்கே மணி நேரத்தில் ஸ்டாக்ஃபிஷ் அளவைத் தாண்டியதாக அறிவித்தார்கள். நூறு ஆட்டங்களில் 28 வெற்றி, 72 சமன், தோல்வியே இல்லை. அந்தப் போட்டி நடந்த முறை நியாயமா என்று சிலர் கேள்வி எழுப்பினார்கள். அடுத்த ஆண்டு ஆயிரம் ஆட்டங்களின் முடிவு வந்தது: 155 வெற்றி, 6 தோல்வி, மீதி சமன்.

அந்த ஆட்டங்களைப் பார்த்து உலகமே பேசிய விஷயங்களில் ஒன்று, எச்4. ஆல்ஃபாஸீரோ வலது ஓரச் சிப்பாயை ஆட்டத்தின் முற்பகுதியிலேயே கிளப்பி, எச்5, எச்6 என்று எதிரி ராஜாவின் வாசலுக்கே அனுப்பி அங்கேயே நிறுத்திவிடும். முள் தொண்டையில் சிக்கியதுபோல அது அங்கேயே கிடக்கும். முப்பது நகர்வு கழித்துத்தான் அந்தச் சிப்பாய் எதற்காகப் போனது என்று நமக்குப் புரியும். அதன் பிறகு உலகத் தரத்து ஆட்டக்காரர்களும் அந்தச் சிப்பாயைப் புதுக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினார்கள். டி4, சி4-க்கு அடுத்து மூன்றாவது நகர்விலேயே எச்4 என்று தள்ளும் ஆட்டங்கள் இன்று பெரிய போட்டிகளில் நடக்கின்றன.

டியூரிங்கின் தாள் தள்ளியதும் ஆல்ஃபாஸீரோ தள்ளியதும் அதே சிப்பாய், அதே இரண்டு கட்டம். தாள் கணினிக்கு அது கொஞ்சம் புள்ளி சேர்த்துக்கொள்ளும் வழி. ஆல்ஃபாஸீரோ எதிரி ராஜாவின் மூச்சுக் காற்றை அடைக்கத் தள்ளியது. நகர்வை மட்டும் பார்த்துச் சரி, தவறு போட்டால் இந்த வேறுபாடு கண்ணில் படவே படாது.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. 2020-இல் ஸ்டாக்ஃபிஷும் செயற்கை நரம்பு வலையைத் தனக்குள் ஏற்றுக்கொண்டது. மனிதர்கள் எழுதிவைத்திருந்த மதிப்பீட்டு விதிகள் பிறகு அதிலிருந்து படிப்படியாக நீக்கப்பட்டன. ஷானன் எழுதிய அரைப் புள்ளிக் கழிவுபோன்ற வரி இன்று அதற்குள் இல்லை. எண் இன்னும் கூர்மையாகிவிட்டது, அதற்குள் இருந்த வார்த்தைகள் போய்விட்டன. இன்று கைப்பேசியிடம் "ஏ3 ஏன் குறைவு?" என்று கேட்டால் அடுத்த பதினைந்து நகர்வுகளை வரிசையாகக் காட்டும். காரணத்தை அது சொல்லாது. அதைக் கண்டுபிடிப்பது நம் வேலை, பிள்ளையின் வேலை.

எஞ்சினை ஒதுக்கிவையுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். அது கட்டாயம் பேச வேண்டிய இடங்கள் உண்டு. 1997 மே 11 அன்று நியூயார்க்கில் உலக வாகையர் காஸ்பரோவ் டீப் ப்ளூ என்ற கணினியோடு ஆடிய ஆறாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காரோ-கான் தற்காப்பு. ஏழாவது நகர்வில் காஸ்பரோவ் எச்6 தள்ளி வெள்ளைக் குதிரையை விரட்டப் பார்த்தார். குதிரை ஓடவில்லை. இ6-இல் இருந்த சிப்பாயை வெட்டி உள்ளே பாய்ந்து உயிரைக் கொடுத்தது. கறுப்பு ராஜா நடுத்தெருவில் சிக்கிக்கொண்டது. பத்தொன்பதாவது நகர்வோடு உலக வாகையர் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அந்தக் குதிரைப் பலி கணினி பலகையில் யோசித்துக் கண்டுபிடித்தது அல்ல, டீப் ப்ளூ குழுவினர் அதன் தொடக்க நூலில் முன்பே ஏற்றிவைத்திருந்தது. மந்திரியை முதலில் டி6-க்குக் கொண்டுவந்துவிட்டு அடுத்த நகர்வில் அதே எச்6-ஐத் தள்ளுவதுதான் வழக்கமான வரிசை. ஒரு நகர்வு முந்தியதால் வந்த வினை அது.

இப்படிப்பட்ட இடத்தில் எஞ்சின் சொன்னால் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஒரு சிப்பாய் நகர்வுக்குப் பின் எண் ஒரேயடியாக இரண்டு, மூன்று புள்ளி விழுந்தால் அங்கே ஏதோ வெட்டு இருக்கிறது, பலி இருக்கிறது, காய் போகிறது. அதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். 0.2, 0.3 என்று அசைவதெல்லாம் அந்த ரகம் இல்லை.

எஞ்சின்கள் தமக்குள் மோதும் பெரிய போட்டிகளில் தொடக்க நகர்வுகளை எஞ்சின்களே தேர்ந்தெடுப்பதில்லை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சொந்தமாக ஆடவிட்டால் சமன், சமன் என்றே போய்க்கொண்டிருக்கும். அதனால் மனிதர்கள் ஒரு தொடக்கத்தைத் தேர்ந்து கொடுத்து, இரண்டு எஞ்சினையும் பக்கம் மாற்றி ஆடவிடுகிறார்கள். வேண்டுமென்றே ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்த தொடக்கங்களாகப் பார்த்துக் கொடுக்கிறார்கள். எஞ்சின்களே அந்த நிலைகளில் உட்கார்ந்து போராடும்போது, நம் பிள்ளைகள் 0.3 பின்னடைவோடு போராடக் கூடாதா? ராஜா-இந்தியத் தற்காப்பை எஞ்சின்களுக்குப் பிடிக்காது. கறுப்புக்கு எப்போதும் குறைவாகவே எண் காட்டும். காஸ்பரோவ் அதை வைத்துத்தான் பல ஆண்டுகள் எதிரிகளைக் கலங்கடித்தார். தாக்கி ஆடும் குணமுள்ள பிள்ளைக்கு அந்தத் தொடக்கத்தைப் போல நல்ல பள்ளிக்கூடம் வேறு இல்லை என்பது என் கருத்து.

இந்த எண் என்னை ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று சொல்ல வேண்டும். என் அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். விடியுமுன் பெரட்டு. நெற்றியில் விளக்கு. தனக்கு ஒதுக்கிய நிரையில் மரத்துக்கு மரம் நடந்து, பட்டையை மெல்லச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும், பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்டவே முடியாது. எவ்வளவு ஆழம் என்று அம்மாவுக்குக் கை சொல்லும். உளி பட்டையில் ஓடும் சத்தத்தை வைத்தே தெரியும் என்பார். பக்கத்து நிரையில் வெட்டுபவரின் உளிச் சத்தம் சரியில்லை என்றால் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவார்.

வெயில் ஏறியதும் மங்குகளில் இருந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அங்கே கிராணி பாலை நிறுத்து, அதற்குள் ஒரு கருவியை மிதக்கவிட்டு ஒரு எண்ணைப் படிப்பார். பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று அந்த எண் சொல்லும். அதை வைத்துத்தான் கூலி. சில நாள் எண் குறையும். ஏன் குறைந்தது என்று யாரும் சொன்னதில்லை, கேட்கும் வழக்கமும் இல்லை. வீட்டுக்கு வந்து அம்மா தானே காரணம் சொல்லுவார்: இரவு தூறல், பட்டை ஈரம், அல்லது அந்த மரங்களுக்கு ஓய்வு தேவை. எண்ணைப் படித்தவருக்குத் தெரியாத எல்லாமே அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அதைக் கேட்க ஸ்டோரில் ஆள் இல்லை. அவ்வளவுதான்.

தோட்டத்தில் எங்கள் தலைமுறை வளர்ந்ததே அப்படித்தான். மேலே இருந்து ஒரு உத்தரவு வரும், ஒரு எண் வரும். காரணம் வராது. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தொழிலாளர் காசைச் சேர்த்தே தோட்டம் வாங்க வைத்தார். நிலத்தில் நமக்கும் ஒரு பங்கு என்ற எண்ணம் அப்போதுதான் பலருக்கு முதல்முறையாக வந்தது. ஆனால் "ஏன்?" என்று கேட்கும் பழக்கம் அவ்வளவு சுலபத்தில் வந்துவிடவில்லை. அப்பா பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாம். இன்று ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது, சில இடங்களில் தாமான்கள் எழும்பிவிட்டன. தோட்டம் இல்லாமலே தோட்டத்தின் பெயரைத் தாங்கிக்கொண்டு எத்தனையோ தமிழ்ப்பள்ளிகள் நிற்கின்றன. அந்தப் பள்ளிகளின் பேரப்பிள்ளைகள்தான் நம் முன்னால் பலகை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு எண்ணைக் காட்டி, காரணம் கேட்காமல் தலையாட்டப் பழக்குவதா?

இந்தச் சிறு பள்ளிகளில் சதுரங்கம் இவ்வளவு பரவியதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. மொத்தமே இருபது, முப்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளியால் பதினொரு பேர் கொண்ட காற்பந்துக் குழுவை இறக்க முடியாது. நான்கு பேர் கொண்ட சதுரங்கக் குழுவை இறக்க முடியும். செலவும் இல்லை. ஸ்டாக்ஃபிஷ் இலவசம். உலக வாகையர் வீட்டில் ஓடும் அதே எஞ்சின் நம் பிள்ளையின் அப்பா வைத்திருக்கும் பழைய கைப்பேசியிலும் ஓடும். சதுரங்கத்தில் பணக்காரர், ஏழை என்ற இடைவெளியை இவ்வளவு குறைத்த பொருள் வேறு எதுவும் இல்லை. அதனால்தான் அதை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில் எனக்கு இவ்வளவு கவலை.

2024 டிசம்பர் 12 அன்று, நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூரில், சென்னைப் பையன் குகேஷ் டிங் லிரெனை 7.5-6.5 என்று வென்று பதினெட்டு வயதில் உலக வாகையர் ஆனார். நம் வீடுகளில் அன்று தீபாவளி. ஆனால் அவர் வளர்ந்த விதத்தைப் பற்றி நாம் அதிகம் பேசவில்லை. அவருடைய பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா, 2500 தரப்புள்ளியை எட்டும் வரை அவரை எஞ்சின் பக்கமே விடவில்லை. பலகையை வைத்துத் தானே யோசிக்க வைத்தார், தானே தவறு செய்ய வைத்தார். 2019 ஜனவரியில், பன்னிரண்டு வயது ஏழு மாதத்தில், குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனது அந்த வழியில்தான். பின்னாளில் அவரும் எஞ்சினோடுதான் உழைத்தார். உச்சியில் இருக்கும் யாருக்கும் இன்று வேறு வழி கிடையாது. எல்லாப் பிள்ளைக்கும் இதே முறை பொருந்தும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் நகர்வுக்குக் காரணம் கண்டுபிடிக்கும் பழக்கம் முதலில், எஞ்சின் பிறகு என்ற வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது.

சிப்பாய் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். குதிரையைத் தவறான கட்டத்தில் வைத்தால் அடுத்த நகர்வில் திரும்பி வரலாம். மந்திரி திரும்பும், ராணி திரும்பும். சிப்பாய் திரும்பாது. மூன்றாவது நகர்வில் தள்ளிய சிப்பாய் முப்பதாவது நகர்விலும் அங்கேயே நின்றுகொண்டிருக்கும். மண்டபத்துக்குள் கைப்பேசி கிடையாது, நாமும் கிடையாது. அந்தச் சிப்பாயோடு பிள்ளை தனியாக வாழ வேண்டும். ஏன் தள்ளினோம் என்று அதற்குத் தெரிந்தால், இருபதாவது நகர்வில் என்ன செய்வது என்றும் ஓரளவு தெரியும். எஞ்சின் சொன்னதால் தள்ளியிருந்தால், மனப்பாடம் தீரும் இடத்தில் கையும் நின்றுவிடும். பத்தாவது நகர்வு வரை கடகடவென்று ஆடிவிட்டுப் பதினொன்றாவது நகர்வில் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்.

இதில் நம் மொழிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அந்தச் சிறுமி பி3 கட்டத்தை "ஓட்டை" என்றாள். அந்தச் சொல்லை நான் சொல்லித்தரவில்லை. கேட்டதும் அவளுக்குள்ளிருந்து வந்தது. காரணம் கேட்டால்தான் பிள்ளை சொல் தேடும். ஓட்டை, அழுத்தம், அடைப்பு, வழி திறப்பு என்று ஆட்டத்தைப் பற்றித் தமிழிலேயே யோசிக்கத் தொடங்கும். எண்ணை மட்டும் காட்டிக்கொண்டிருந்தால் அதற்கு எந்த மொழியும் தேவைப்படாது.

எனக்குத் தோன்றும் வழியைச் சொல்கிறேன். உங்கள் அனுபவத்தில் வேறு வழி இருந்தால் சொல்லுங்கள், கற்றுக்கொள்கிறேன். ஆட்டம் முடிந்து பிள்ளை வந்ததும் முதலில் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். பிறகு பலகையை விரித்து, கைப்பேசி பைக்குள்ளேயே இருக்க, முதல் பத்து நகர்வுகளை அதனிடமே வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சிப்பாய் நகர்ந்த ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, எதற்காகத் தள்ளினாய், எதைக் கொடுத்துவிட்டாய், எதிரி இதற்கு என்ன செய்திருக்கலாம் என்று கேளுங்கள். "தெரியல" என்று சொன்னால் கோபப்படாதீர்கள். அதுவும் ஒரு பதில்தான், அடுத்த முறை அது மாறும். பிள்ளை சொன்ன காரணத்தை நோட்டில், அதன் சொந்த வார்த்தையில், தமிழில் எழுதவையுங்கள். கடைசியாகக் கைப்பேசியை எடுங்கள். பெரிய சரிவு இருந்தால் அந்த வெட்டைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சின்ன வித்தியாசம் என்றால், இரண்டு பிள்ளைகளை உட்காரவைத்து இரண்டு நகர்வையும் ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். யாருடைய நோட்டிலும் ஒரு சிப்பாய் நகர்வுக்கு எதிரே "தப்பு" என்ற ஒற்றைச் சொல்லை எழுத வைக்காதீர்கள்.

பயிற்றுநர் நண்பர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். தொடக்க நகர்வுகளைப் பட்டியலாக அச்சடித்து மனப்பாடம் செய்யச் சொல்லும் வழக்கம் வளர்ந்து வருகிறது. கோப்பைகள் சீக்கிரம் வரும் என்பது உண்மை. பன்னிரண்டு வயதுக்குள் வரும் கோப்பைகள் அவை. அதே பிள்ளைகளில் எத்தனை பேர் இடைநிலைப்பள்ளி போன பிறகும் ஆடுகிறார்கள் என்று உங்கள் பழைய குழுப் படங்களை எடுத்துப் பாருங்கள்.

அந்தச் சிறுமியின் நோட்டை நேற்று பார்த்தேன். "ஏ3 தப்பு" என்பதை அவளே கோடு போட்டு அடித்திருக்கிறாள். அதற்குக் கீழே: "ஏ3, பி4 தள்ள. அவங்க சி4 தள்ளினா பி3 ஓட்டை. அப்ப வலது பக்கம் ஆடணும்." அடுத்த மாதப் போட்டிக்கு அவளும் வருகிறாள். உங்கள் பிள்ளையோடு அவள் ஆட நேர்ந்தால், ஆட்டம் முடிந்ததும் இருவரையும் ஒரே பலகையில் உட்காரவையுங்கள். கைப்பேசி கொஞ்ச நேரம் பைக்குள் இருக்கட்டும்.